வயோதிகரின் ஞாபகம்: தேய்வது எது, நிலைப்பது எது



வயது சென்றவர்களுக்கு ஞாபகம் குறையும் என்பது யாவரும் அறிந்த சங்கதி. காலையில் சாப்பிட்டது இட்டிலியா உப்புமாவா என்பது பாட்டிக்கு மாலையில் நினைவில் இராது. ஆனால் தம் கலியாணத்தன்று பந்தலில் ஒழுகிய மழையையும், அந்த மழையில் நனைந்துகொண்டே பந்தி பரிமாறிய சித்தப்பாவின் பெயரையும் தப்பாமல் சொல்லுவார். வீட்டிலுள்ளவர்கள் இதைக் கண்டு, "தமக்கு வேண்டியதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார், எல்லாம் பாசாங்கு" என்று முணுமுணுப்பதுண்டு. அப்படிச் சொல்லுவது அநியாயம். மனிதனுடைய ஞாபகம் ஒரே பெட்டியில் பூட்டி வைத்த ஒரே சரக்கல்ல, அது பலவகைப்பட்டது. ஒவ்வொரு வகைக்கும் மூளையில் இடமும் வேலையும் வேறு. முதுமை அவை எல்லாவற்றையும் ஒரே அளவாகத் தேய்ப்பதுமில்லை. அதிலும் அன்பு, பயம், துக்கம், சந்தோஷம் முதலிய உணர்ச்சிகளோடு ஒட்டிய ஞாபகங்கள் வயது ஏற ஏற எப்படி மாறுகின்றன என்பதைப் பற்றிச் சென்ற முப்பது நாற்பது வருஷங்களாக நல்ல ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. வயோதிகரை வைத்துப் பராமரிக்கிற குடும்பங்கள் இவற்றை அறிந்திருப்பது மிகவும் உபயோகமாகையால், இந்த வாரப் பாடத்துக்கு அதையே எடுத்துக்கொள்கிறோம்.

ஞாபகத்தைப் பற்றி விசாரிப்பது திருச்சபைக்குப் புதிதல்ல. அர்ச். அகுஸ்தீனார் தம் வாழ்க்கையை அறிக்கையிட்டு எழுதிய நூலின் பத்தாம் புத்தகத்தில், ஞாபகத்தைக் குறித்துப் பக்கம் பக்கமாக ஆராய்கிறார். அங்கே அவரை வியக்க வைத்த ஒரு விஷயம் உண்டு. முன்பு துக்கப்பட்டதை இப்பொழுது துக்கமில்லாமலே நினைக்க முடிகிறது. முன்பு பயந்ததைப் பயமில்லாமலே நினைக்க முடிகிறது. கழிந்துபோன துன்பத்தைச் சந்தோஷத்தோடுகூட நினைத்துப் பார்க்கிறோம். அப்படியானால் ஞாபகத்தில் தங்கியிருப்பது துக்கந்தானா, அல்லது துக்கத்தின் சாயல் மட்டுமா? ஏறக்குறைய ஆயிரத்து அறுநூறு வருஷங்களுக்கு முன் எழுந்த இந்தக் கேள்வி, இன்று மூளையைப் படம்பிடிக்கும் யந்திரங்களை வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர்களின் கேள்வியாகவும் இருக்கிறது.

மூளையில் இரு அயல்வீட்டார்

இரண்டு காதுகளுக்கும் உட்புறமாக, மூளையின் ஆழத்தில், வலது பக்கம் ஒன்றும் இடது பக்கம் ஒன்றுமாக ஓர் உறுப்பு இருக்கிறது. வளைந்த அதன் உருவம் கடற்குதிரை என்ற சிறு மீனைப் போலிருப்பதால், அம்மீனின் கிரேக்கப் பெயராலேயே அதை ஹிப்போகாம்பஸ் என்று அழைக்கிறார்கள். அதற்கு முன்னால், அடுத்த வீட்டுக்காரரைப் போல, வாதுமைப் பருப்பின் வடிவத்தில் இன்னோர் உறுப்பு இருக்கிறது. வாதுமைக்குக் கிரேக்கத்தில் உள்ள பெயரை ஒட்டி அதற்கு அமிக்டலா என்று பெயர். 'இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னது நடந்தது' என்று நிகழ்ச்சியைப் பதிய வைப்பதில் கடற்குதிரைக்குப் பெரும் பங்கு உண்டு. 'இது ஆபத்து, இது அருமை, இதை மறக்கலாகாது' என்று அதற்கு முத்திரை குத்துவதில் வாதுமைக்குப் பெரும் பங்கு உண்டு. இன்னும் பல பகுதிகளும் சேர்ந்து வேலை செய்கின்றன. படிப்பதற்கு எளிதாக இவ்விரண்டை மட்டும் சொல்லுகிறோம்.

கடற்குதிரையின் வேலை உலகத்துக்குத் தெளிவாகத் தெரிந்தது ஒரு மனிதனுடைய துர்ப்பாக்கியத்தால். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரத்தில் ஹென்றி மொலேசன் என்ற வாலிபருக்குக் கடுமையான காக்காய்வலிப்பு இருந்தது. 1953-ம் வருஷம், அவருக்கு இருபத்தேழு வயதாயிருக்கையில், வில்லியம் ஸ்கோவில் என்ற வைத்தியர் மூளையின் இரு பக்கத்திலும் அந்தப் பகுதியின் பெரும்பாகத்தை அகற்றிவிட்டார். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அன்றுமுதல் அவருக்குப் புதிய நிகழ்ச்சி எதுவும் மனத்தில் தங்கவில்லை. கானடா தேசத்தைச் சேர்ந்த பிரெண்டா மில்னர் என்ற அம்மையார் அவரைப் பல வருஷங்கள் பரீட்சித்தார். ஒவ்வொரு முறையும் அந்த அம்மையார் அவருக்குப் புதியவரே. இருந்தபோதிலும், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரையும் கஷ்டமான பழக்கத்தை அவருடைய கை நாளுக்கு நாள் கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்டதாக அவருக்கு மட்டும் தெரியாது. அவர் 2008-ம் வருஷம் எண்பத்திரண்டாம் வயதில் மரித்தார். கை அறிந்ததை வாய் சொல்ல முடியாமல் இருக்கலாம் என்பதற்கு அவரே சாட்சி. பெற்ற மகனையே அடையாளம் தெரியாத ஒரு மூதாட்டி, ஜெபமாலை தொடங்கினவுடன் மணியை உருட்டிக்கொண்டு தவறாமல் மறுமொழி சொல்லுவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். சிறுவயது முதல் ஆயிரக்கணக்கான தடவை சொல்லிப் பழகினது வேறு வழியாக நிலைத்திருக்கிறது.

இனி வாதுமையைப் பார்ப்போம். 1994-ம் வருஷம் கலிபோர்னியாவில் லாரி கேஹில், ஜேம்ஸ் மெக்கா என்ற ஆராய்ச்சியாளரும் அவர்களோடு உழைத்தவர்களும் ஓர் அழகான பரீட்சை செய்தார்கள். ஒரு பையன் தாயோடு தெருவில் போகும்போது வண்டியில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறும் கதையைப் படங்களோடு சிலருக்குக் காட்டினார்கள். வேறு சிலருக்கு அதே படங்களோடு, மனத்தை உருக்காத ஒரு சாதாரணக் கதையைச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, விபத்தைக் கேட்டவர்களுக்கே, அதிலும் விபத்து நடந்த பாகமே, நன்றாக நினைவிருந்தது. ஆனால் கதைக்கு முன்பு ப்ரோப்ரனலால் என்னும் மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு அந்த அதிகப்படியான ஞாபகம் இல்லை. அந்த மருந்து, பயத்திலும் பரபரப்பிலும் நம் உடலில் சுரக்கும் அட்ரினலின் போன்ற திரவங்களின் வேலையைத் தடுப்பது. இதிலிருந்து தெரிவது என்ன? நெஞ்சு படபடக்கச் செய்த சம்பவத்தை, அந்தப் படபடப்பே வாதுமையின் வழியாக ஆழமாகப் பதிய வைக்கிறது. கலியாணமும் சாவும், தேர்வில் தேறின நாளும், வெள்ளம் வந்த இரவும் மறவாததற்கும், நேற்றுச் சாப்பிட்ட பலகாரம் மறந்துபோவதற்கும் இதுவே ஒரு காரணம்.

மூப்பு வந்தால் இந்த இரு அயல்வீட்டாருக்கும் என்ன நேருகிறது? வியாதியில்லாத சாதாரண முதுமையிலும் கடற்குதிரை சிறுகச் சிறுகச் சுருங்குகிறது. நெற்றிக்குப் பின்னால் இருந்து, ஒழுங்குபடுத்தித் தேடி எடுக்க உதவும் பகுதியும் மெலிகிறது. ஆகவே, சாவியை எங்கே வைத்தோம், சொன்னவர் யார், சொன்னது எந்தக் கிழமை என்பவை நழுவுகின்றன. வாதுமை அவ்வளவு தேய்வதில்லை. எனவே, உணர்ச்சி கலந்த ஞாபகம் வயோதிகத்தில் மற்றதைக் காட்டிலும் நன்றாகவே நிற்கிறது. இம்மட்டில் எதிர்பார்க்கக் கூடியதுதான். எதிர்பாராத விஷயம் இனிமேல் வருகிறது.

கன்னியர் முந்நூறு பேர்

எதிர்பாராதது இது: வயோதிகரிடத்தில் எல்லா உணர்ச்சிகளும் ஒரே மாதிரி நிற்பதில்லை, தராசு இனிமையின் பக்கம் சாய்கிறது. ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் லாரா கார்ஸ்டென்சன் என்ற பேராசிரியையும், அவரோடு சூசன் சார்ல்ஸ், மாரா மேதர் என்பவர்களும் 2003-ம் வருஷம் வெளியிட்ட ஆராய்ச்சியில், 18 முதல் 29, 41 முதல் 53, 65 முதல் 80 என்று மூன்று பிராயத்தாருக்குப் பலவிதப் படங்களைக் காட்டினார்கள். சில மகிழ்ச்சியானவை, சில கோரமானவை, சில இரண்டுமல்லாதவை. பின்பு ஞாபகமுள்ளவற்றைச் சொல்லச் சொன்னபோது, இளைஞரைவிட முதியோர் மொத்தத்தில் குறைவாகவே சொன்னார்கள். ஆனால் அவர்கள் அதிகமாக மறந்தது கோரமான படங்களையே. அடுத்த வருஷம் மூளையைப் படம்பிடித்துப் பார்த்ததில், முதியோரின் வாதுமை இனிய படங்களுக்கு அதிகமாகவும், வெறுப்பான படங்களுக்குக் குறைவாகவும் கிளர்ந்தது தெரிந்தது. இளைஞரிடத்தில் அந்த வித்தியாசம் இல்லை.

'வாதுமையும் கிழடாகிப்போனதால் கெட்டதைப் பார்த்து எழும்பவில்லை, அவ்வளவுதான்' என்று ஒருவர் சொல்லலாம். அதற்குப் பதில் சொல்ல நமக்கு மிகவும் பிடித்தமான ஓர் ஆராய்ச்சி இருக்கிறது; அதில் பரீட்சை கொடுத்தவர்கள் கன்னியர்கள். 1987-ம் வருஷம் ஒரு சபையைச் சேர்ந்த கன்னியர் தங்கள் தேகநிலை, மனநிலை முதலியவற்றைப் பற்றி ஒரு கேள்வித்தாளுக்கு விடை எழுதியிருந்தார்கள். பதினான்கு வருஷங்களுக்குப் பின், 2001-ல், 47 வயது முதல் 102 வயது வரையுள்ள முந்நூறு கன்னியரிடம் அதே கேள்விகளைக் கொடுத்து, "அப்பொழுது என்ன எழுதினீர்கள், நினைத்து எழுதுங்கள்" என்று கேட்டார்கள். இந்த ஏற்பாட்டின் சிறப்பைக் கவனிக்க வேண்டும். சாதாரணமாக ஒரு தாத்தா, "அந்தக் காலத்திலே எல்லாம் நன்றாக இருந்தது" என்று சொன்னால், அந்தக் காலம் உண்மையில் எப்படியிருந்தது என்று ஒத்துப் பார்க்க வழியில்லை. இங்கேயோ அவரவர் கையெழுத்திலேயே அத்தாட்சி இருந்தது. மேலும் ஒரே மாதிரியான மடவாழ்க்கையில் இருந்தவர்கள் ஆகையால், சம்பாத்தியம், குடும்பம் என்ற வேற்றுமைகளும் குறைவு.

விளைவு என்ன? விசேஷ உத்தரவு எதுவுமின்றி எழுதியவர்களுள், மிகவும் வயது சென்ற கன்னியர், 1987-ல் தாங்கள் எழுதியிருந்ததைவிட நல்லதாகவே அந்த நாட்களை நினைத்தார்கள். வயதில் இளையவர்களோ, எழுதியிருந்ததைவிடச் சற்று மோசமாக நினைத்தார்கள். இன்னும் கேளுங்கள். ஒரு பிரிவாரிடம், "விடை எழுதும்போது உங்கள் மனநிலையைக் கவனித்துக்கொள்ளுங்கள்" என்று அடிக்கடி நினைப்பூட்டினார்கள். மற்றொரு பிரிவாரிடம், "எவ்வளவு சரியாக நினைக்க முடியுமோ அவ்வளவு சரியாக எழுதுங்கள்" என்று நினைப்பூட்டினார்கள். மனநிலையைக் கவனித்த இளைய கன்னியர், மூத்தவர்களைப் போலவே இனிமையாக நினைத்தார்கள். துல்லியத்தைக் கவனித்த மூத்த கன்னியரோ, இளையவர்களைப் போல மோசமாகவே நினைத்தார்கள். ஆகவே இது கிழடாகிப்போன உறுப்பின் குற்றமல்ல. மனம் எதை நாடுகிறதோ, அதற்கேற்ப ஞாபகம் பொறுக்கி எடுக்கிறது. வயதானவர் யாரும் சொல்லாமலே மன அமைதியை நாடுகிறார்; இளையவர் யாரும் சொல்லாமலே விவரத்தை நாடுகிறார்.

இந்த நாட்டம் ஏன் மாறுகிறது என்பதற்குக் கார்ஸ்டென்சன் அம்மையார் சொல்லும் விளக்கம், எதிரே உள்ள காலத்தின் அளவு. முன்னால் நீண்ட காலம் இருக்கிறது என்று எண்ணுகிறவன், பிரியமில்லாததையும் கற்றுக்கொள்ளுவான், அந்நியரோடும் பழகுவான். ஒரு நாள் உபயோகப்படும் அல்லவா? காலம் குறுகிவிட்டது என்று அறிந்தவன், தனக்கு நெருங்கினவர்களையும் மனத்துக்கு அர்த்தமுள்ளதையும் தேடுவான். இது ஆண்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம்: 1997-ல் ஹாங்காங் சீனாவின் கையில் ஒப்படைக்கப்படுவதற்குச் சற்று முன்பு, 'நம் காலம் ஒன்று முடிகிறது' என்ற எண்ணம் ஊரெங்கும் நிலவியபோது, அங்கே வாலிபர்களும் முதியவர்களைப் போலவே நெருங்கிய உறவினரோடு நேரத்தைக் கழிக்க விரும்பினார்கள். மரணத்தை நினைத்து வாழ்வது மனத்தைக் கறுப்பாக்கும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

கன்னியரைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபின் இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. நாத்ரதாம் பள்ளிச் சகோதரிகள் என்ற சபையைச் சேர்ந்த 678 கன்னியர், டேவிட் ஸ்னோடன் என்ற ஆராய்ச்சியாளரின் முயற்சிக்குச் சம்மதித்து, தங்கள் ஞாபகத்தைச் சோதிக்கவும், இறந்தபின் தங்கள் மூளையை ஆராயவும் தங்களைக் கையளித்தார்கள். அவர்களுள் 180 பேர், ஏறக்குறைய இருபத்திரண்டு வயதில் தங்கள் கையால் எழுதிக் கொடுத்திருந்த வாழ்க்கைக் குறிப்பு மடத்தின் கட்டுகளில் பத்திரமாக இருந்தது. அவற்றைப் படித்துப் பார்த்ததில், சந்தோஷத்தையும் நன்றியையும் போன்ற உணர்ச்சிகளை அதிகமாக வெளியிட்டு எழுதியவர்கள் முதுமையில் மற்றவர்களைக் காட்டிலும் அதிக நாள் வாழ்ந்தது தெரியவந்தது. இது 2001-ம் வருஷம் வெளியாயிற்று. சந்தோஷமே ஆயுளை நீட்டியது என்று இதைக் கொண்டு சாதிக்க முடியாது. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பது மட்டும் நிச்சயம். பழைய காகிதங்களை எரித்துவிடாமல் காப்பாற்றிய மடத்துச் செயலரையும் இங்கே மெச்சத்தான் வேண்டும்.

இனிமைக்கும் எல்லை உண்டு

இதைப் படித்துவிட்டு, 'வயதானவர்கள் மனம் தானாகவே சந்தோஷமாயிருக்கும், நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை' என்று யாரும் முடிவு கட்டிவிடக்கூடாது. முதலாவது, இனியதைப் பொறுக்கி எடுப்பது மூளைக்கு ஒரு வேலை. நெற்றிக்குப் பின்னுள்ள பகுதி உழைக்க வேண்டியிருக்கிறது. 2005-ம் வருஷம் மேதர் அம்மையார் இன்னொருவரோடு சேர்ந்து செய்த பரீட்சையில், படங்களைப் பார்க்கும்போதே முதியோருக்கு வேறொரு வேலையையும் கொடுத்துக் கவனத்தைச் சிதற அடித்தார்கள். உடனே அந்த இனிமைச் சாய்வு மறைந்துபோயிற்று. கெட்ட படங்களே மனத்தில் நின்றன. நம் வீடுகளுக்கு இது நேரே பொருந்தும். ஒரு பக்கம் டெலிவிஷன் இரைச்சல், ஒரு பக்கம் குழந்தைகளின் கூச்சல், நடுவே "மருந்து சாப்பிட்டாயா, கையெழுத்துப் போடு, சீக்கிரம் கிளம்பு" என்ற அவசரம். இதற்குள்ளே உட்கார்ந்திருக்கும் பெரியவர் பழைய மனஸ்தாபங்களையே திரும்பத் திரும்பச் சொல்லுகிறார் என்றால், அவரை மாத்திரம் குறை சொல்ல நியாயமில்லை.

இரண்டாவது, நல்லதையே காணும் கண் சில வேளை மோசம் போகும். 2012-ம் வருஷம் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துச் சர்வகலாசாலையில் செய்த ஆராய்ச்சியில், நம்பத்தகாத தோற்றமுள்ள முகங்களைக் காட்டியபோது, முதியோர் இளைஞரைவிட அவற்றை அதிகமாக நம்பினார்கள். 'ஜாக்கிரதை' என்று உள்ளே எச்சரிக்கும் மூளைப்பகுதியும் அவர்களிடத்தில் குறைவாகவே எழும்பியது. டெலிபோனில் இனிக்க இனிக்கப் பேசி, பாங்கி எண்ணைக் கேட்டுப் பணம் பறிக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும் போலும். பணத்தை இழந்த தாத்தாவைப் 'பேராசை' என்று திட்டுவதைவிட, இப்படிப்பட்ட அழைப்பு வந்தால் உடனே மகனையோ மகளையோ கூப்பிடும்படி முன்னதாகவே பேசி வைப்பது புத்தி.

மூன்றாவது, இது எல்லாருக்கும் ஒரே மாதிரி அல்ல. 2008-ல் ஹாங்காங்கில் செய்த ஓர் ஆராய்ச்சியில் அங்குள்ள முதியோர் மகிழ்ச்சியான முகங்களிலிருந்து கண்ணை விலக்கினார்கள். தேசத்துக்குத் தேசம் பழக்கம் வேறுபடலாம். மனச்சோர்வு என்னும் வியாதி பிடித்தவருக்குத் தராசு மறுபக்கம் சாயும். பல வாரங்களாகச் சாப்பாட்டிலும் பேச்சிலும் பிரியமில்லாமல், 'எல்லாம் என் பிழை' என்று சொல்லிக்கொண்டிருக்கும் பெரியவரை, வயசாகிவிட்டது அப்படித்தான் என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அது குணப்படுத்தக்கூடிய வியாதி.

நிகழ்ச்சி மறைந்து, துக்கம் நின்றால்

இதுவரை சொன்னது சாதாரண முதுமை. அல்சைமர் என்னும் மறதி வியாதி வேறு. அதில் கடற்குதிரையும் அதன் சுற்றுப்புறமும் ஆரம்பத்திலேயே அழிகின்றன. வாதுமையும் தப்புவதில்லை, ஆனால் ஆளுக்கு ஆள் அளவு வேறுபடுகிறது. 1995-ம் வருஷம் ஜனவரி 17-ந் தேதி ஜப்பானில் கோபே பட்டணத்தைப் பெரிய பூகம்பம் அழித்தது. ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதைத் தங்கள் வீட்டிலேயே அனுபவித்த அல்சைமர் நோயாளிகளைப் பிற்பாடு விசாரித்தபோது, அதற்குப் பின் ஆஸ்பத்திரியில் தங்களுக்கு நடந்த பரிசோதனையை மறந்தவர்களிலும் அநேகர் பூகம்பத்தை நினைவில் வைத்திருந்தார்கள். வாதுமை யாருக்கு அதிகம் தேயாமலிருந்ததோ, அவருக்கே அது நன்றாக நினைவிருந்தது.

ஆனால் வியாதி முற்ற முற்ற, அர்ச். அகுஸ்தீனார் கண்ட புதிருக்கு நேர்மாறான புதிர் எதிர்ப்படுகிறது. அவர், சம்பவம் நினைவிருக்கத் துக்கம் மறைந்ததைக் கண்டு வியந்தார். இங்கோ சம்பவம் மறைந்துபோகத் துக்கம் நிற்கிறது. இதற்கு முதல் குறிப்பு மிகப் பழையது. 1911-ல் ஜெனிவா நகரத்தில் எடுவார்ட் கிளாபரேட் என்ற வைத்தியர், எதையும் நினைவில் வைக்க இயலாத ஒரு ஸ்திரீயோடு கைகுலுக்கும்போது விரல்களுக்கிடையில் ஒளித்துவைத்த குண்டூசியால் குத்திவிட்டாராம். பிற்பாடு அவர் கையை நீட்டியபோது அந்த ஸ்திரீ தன் கையை இழுத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சரியான விடை தெரியாது. (இக்காலத்தில் எந்த வைத்தியரும் இப்படிச் செய்தால் உத்தியோகம் போய்விடும், போவதே நியாயம்.)

2014-ம் வருஷம் அமெரிக்காவில் ஐயோவா சர்வகலாசாலையில் இதையே அன்பான முறையில் சோதித்தார்கள். அல்சைமர் நோயுள்ள பதினேழு பேருக்கும், நோயில்லாத அதே வயதினர் பதினேழு பேருக்கும், ஒரு தடவை துக்கமான சினிமாத் துண்டுகளையும், இன்னொரு தடவை சந்தோஷமானவற்றையும் சுமார் இருபது நிமிஷம் காட்டினார்கள். ஐந்து நிமிஷத்துக்குள் நோயாளிகளுக்குப் பார்த்ததில் பெரும்பாகம் மறந்துபோயிற்று. ஒருவருக்குப் படம் பார்த்ததே நினைவில்லை. ஆனால் அரை மணி நேரம் வரையில் விட்டு விட்டுக் கேட்டபோதும் அந்தத் துக்கமோ சந்தோஷமோ அவர்கள் மனத்தை விட்டுப் போகவில்லை. அதிலும், எவ்வளவுக்கெவ்வளவு படத்தை மறந்தார்களோ, அவ்வளவுக்கவ்வளவு துக்கம் நீடித்தது. காரணம் தெரிந்த துக்கத்தை, 'அது வெறும் கதைதானே' என்று ஆற்றிக்கொள்ளலாம். காரணம் மறந்த துக்கத்தை என்ன சொல்லி ஆற்றுவது?

"யார் வந்தார், யார் போனார் என்பது அம்மாவுக்குத் தெரியப் போவதில்லை, வந்து பார்த்து என்ன பிரயோஜனம்?" என்று வெளியூரிலுள்ள பிள்ளைகள் சிலர் சொல்லக் கேட்கிறோம். ஐயோவாவில் கண்டதைப் பார்த்தால் பிரயோஜனம் உண்டு. மகன் வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் பத்து நிமிஷத்தில் மறந்துபோகலாம். உள்ளத்தில் உண்டான ஆறுதல் அதற்குப் பின்னும் நிற்கிறது. அதுபோலவே, வேலைக்காரியோ மருமகளோ பேத்தியோ சலிப்போடு வீசிய ஒரு கடுஞ்சொல், மறந்தபின்பும் மாலைவரை அவரை அலைக்கழிக்கக் கூடும். 'காரணமில்லாமல் அழுகிறார்' என்று சொல்லுமுன் காலையில் என்ன நடந்தது என்று விசாரிப்பது நல்லது.

இங்கே பல வீடுகளில் எழும் மிகக் கஷ்டமான கேள்விக்கு வருகிறோம். "அப்பா இறந்து மூன்று வருஷமாகிறது, சாமி. அம்மா தினமும் 'அப்பா எங்கே, இன்னும் வரவில்லையே' என்று கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால் அப்பொழுதுதான் கேள்விப்பட்டதுபோல் அலறுகிறார்கள். பிறகு மறந்து மறுபடி கேட்கிறார்கள். வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லிவிடலாமா? பொய் பாவமாயிற்றே!"

பொய் பாவந்தான், நல்ல நோக்கம் அதை நல்லதாக்கிவிடாது. ஆனால் பொய் சொல்லாதிருப்பதும், கேட்டவரிடமெல்லாம் கேட்டபோதெல்லாம் உண்மை முழுவதையும் கொட்டுவதும் ஒன்றல்ல. 1992-ல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல், எட்டாம் கற்பனையை விளக்குமிடத்தில், உண்மையை வெளியிடுவது தகுமா தகாதா என்பதைப் பிறர்சிநேகத்தை அளவாகக் கொண்டு அந்தந்தச் சந்தர்ப்பத்தில் நிதானிக்க வேண்டும் என்றே போதிக்கிறது. கணவர் இறந்த செய்தியை அந்தத் தாய்க்கு உரிய காலத்தில் சொல்லியாயிற்று. அவர் அடக்கத்திலும் இருந்து அழுதாயிற்று. அவருக்குச் செய்ய வேண்டிய நீதி அதோடு நிறைவேறிற்று. அதன்பின் தினந்தோறும் புதிய சாவைச் சொல்லிப் புதிய துக்கத்தை உண்டாக்க யாருக்கும் கடமை இல்லை. செய்தி மறையும், துக்கம் மட்டும் நிற்கும் என்று இப்பொழுது அறிந்திருக்கிறோமே! 'வெளியூர் போயிருக்கிறார்' என்பது வேண்டாம். அது பொய் என்பதோடு, அவரை வாசலிலே காத்திருக்கவும் வைக்கும்.

அந்தக் கேள்வியில் பெரும்பாலும் விலாசம் கேட்கப்படுவதில்லை. "அவர் இல்லாமல் எனக்கு என்னமோ போலிருக்கிறது" என்பதே அதன் உட்பொருள். அதற்கு விடை சொல்லலாம். "அப்பாவை நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா, அம்மா? எங்களுக்கும் அவர் நினைவாகவே இருக்கிறது" என்று சொல்லுவதில் பொய் ஒரு எழுத்தும் இல்லை. ஒருவேளை அம்மா தெளிந்த முகத்தோடு, "அவர் செத்துப்போய்விட்டாரா? உள்ளதைச் சொல்" என்று நேரே கேட்டால், மறைக்காமல் மெதுவாகச் சொல்லி, அழுது முடியும் வரையில் பக்கத்திலேயே இருக்க வேண்டும்; சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடக்கூடாது. மற்ற நேரங்களில், மேலே சொன்னபடி எது அழியாமல் நிற்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுவது உத்தமம்: வாலிபப் பிராயத்தின் இனிய நாட்கள். ஒரு வீட்டில் மகள் கண்ட வழி இது: அம்மா 'அப்பா எங்கே' என்று தொடங்கினதும், சுவரிலுள்ள கலியாணப் படத்தைக் கழற்றி மடியில் வைத்து, "பந்தலிலே மழை ஒழுகிற்றாமே, அம்மா? அப்பா அப்பொழுது என்ன செய்தார்?" என்று கேட்கிறாள். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை தலைமேல் பிடித்த குடையிலிருந்து கதையைத் தொடங்குகிறார்.